ஸ்குரு டிரைவரும் ஒரு பேனாதான்!



இந்தச் சுவரிதழில் வழக்கமாகக் கவிதை வரும், விடுகதை வரும், பொன்மொழி வரும். இந்த மாதம் எனக்கு ஒரு முழுத் தாள் வேண்டும் என்று தமிழ் ஐயாவிடம் கேட்டு வாங்கினேன். காரணம் இருக்கிறது. இன்னும் சில மாதத்தில் உங்களைப் பார்க்கிற அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்கப் போகிறார்கள். "என்ன குரூப் எடுக்கப் போற?"

ஃபர்ஸ்ட் குரூப் என்று சொன்னால் ஒரு சிரிப்பு வரும். காமர்ஸ் என்றால் ஒரு தலையாட்டல். தொழிற்கல்வி என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி அமைதி. அப்புறம் மெதுவாக, "ஏங்கண்ணு, மார்க் கொறஞ்சு போச்சா?" என்று வரும். எனக்கும் வந்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் என் அப்பாவிடம், "பாவம், விடுங்க" என்று துக்கம் விசாரிப்பது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் படிப்பது அடிப்படை மின்னணுப் பொறியியல். இதில் எனக்குக் கிடைத்த பத்து நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அகப்பயிற்சி என்றால் என்ன?

இன்டர்ன்ஷிப் என்று சொல்கிறார்களே, அதுதான் அகப்பயிற்சி. காலேஜ் அண்ணன்கள் ஐ.டி. கம்பெனிக்குப் போவது மட்டும்தான் இன்டர்ன்ஷிப் என்று நானும் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு. படிக்கிற பாடம் எந்த இடத்தில் வேலையாக நடக்கிறதோ அங்கே போய், வேலை தெரிந்தவர் பக்கத்தில் நின்று, பார்த்து, கேட்டு, செய்து பழகுவது. எங்களுக்குப் பத்து நாள், மொத்தம் எண்பது மணி நேரம். தினமும் ஒரு நோட்டில் என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்துவிட்டது. அதாவது இது நேற்று முளைத்த குரூப் இல்லை. நம் அப்பா, சித்தப்பா காலத்திலேயே இருந்தது.

வீட்டில் நடந்த விவாதம்

எனக்கும் என் தோழிக்கும் பொள்ளாச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை கிடைத்தது. வீட்டில் சொன்னதும் அம்மா வாயே திறக்கவில்லை. அப்பாதான் பேசினார். "ஆம்பளப் பசங்க இருக்கிற கடையில பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலை? அதுவும் சம்பளம் இல்லாம?"

இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விதான். முதல் கேள்விக்கு எங்கள் சார் பதில் சொன்னார். வீட்டுக்கே வந்தார். கடை மெயின் ரோட்டில் இருக்கிறது, முன்பக்கம் கண்ணாடிக் கதவு, கடைக்காரர் மனைவிதான் பில் போடுகிறார், இரண்டு பெண்களாகத்தான் அனுப்புவோம், மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடமும் இருக்க வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா தாமே ஒரு நாள் அந்த வழியாகப் போய்க் கடையைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம்தான் "சரி, போ" என்றார்.

இரண்டாவது கேள்வி சம்பளம். அதற்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கடை கற்றுக்கொடுத்த பாடங்கள்

*ஒன்று: முதலில் காது, அப்புறம்தான் கை.*

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "கம்ப்யூட்டர் ஓடமாட்டேங்குது" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பத்து அர்த்தம் உண்டு. கரண்டே வரவில்லை என்பதும் அதுதான். கரண்ட் வருகிறது, டிஸ்பிளே வரவில்லை என்பதும் அதுதான். நெட் கிடைக்கவில்லை என்றாலும் அதையேதான் சொல்வார்கள். கடைக்கார அண்ணன் ஸ்குரு டிரைவரை எடுக்கவே மாட்டார். முதலில் மூன்று கேள்வி. "கடைசியா எப்பங்க நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் ஏதாச்சும் புதுசா மாட்டுனீங்களா? இடையில கரண்ட் போய்ப் போய் வந்துச்சா?" பாதி நேரம் பதிலிலேயே பழுது எங்கே என்று தெரிந்துவிடும். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி.

*இரண்டு: நம் ஊர்த் தூசி.*

எங்கள் பக்கம் தென்னந்தோப்பு அதிகம், நார் மில்லும் அதிகம். ஒரு நார் மில் ஆபீஸ் கம்ப்யூட்டர் வந்தது. போட்டால் ஓடும், பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மூடியைக் கழற்றினால் உள்ளே குருவிக்கூடு மாதிரி நார்த் தூசி! பிராசஸர் மேல் இருக்கும் ஃபேன் சுற்ற இடமே இல்லை. சூடு தாங்காமல் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துபோகிறது. வெளியே கொண்டுபோய் புளோயர் வைத்து ஊதி, பிரஷ்ஷால் துடைத்தோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுவிடும்.

அப்புறம் தெர்மல் பேஸ்ட். பிராசஸரும் மேலே உட்காரும் உலோகக் கட்டியும் பார்க்க வழுவழுவென்று இருந்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும். அதில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பேஸ்ட். பயறு அளவு போதும், அள்ளிப் பூசக் கூடாது. வெப்பக் கடத்தல் என்று அறிவியல் புத்தகத்தில் படித்தோமே, அது இதுதான்.

*மூன்று: அழிரப்பர்.*

டிஸ்பிளே வராமல் 'பீப் பீப்' என்று கத்தும் கம்ப்யூட்டர்களில் சிலவற்றுக்கு மருந்து என்ன தெரியுமா? நம் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அழிரப்பர்! ரேம் என்ற பலகையின் அடியில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். அதில் அழுக்குப் படிந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும். தொடுவதற்கு முன்னால் கேபினட்டின் இரும்பைத் தொட வேண்டும். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ஒரு சிப்பையே கெடுத்துவிடும்.

இன்னொரு குட்டித் தகவல். தேதி, நேரம் தப்பாகக் காட்டும் கம்ப்யூட்டரில் மாற்றுகிற வட்ட பேட்டரியின் பெயர் சி.ஆர். 2032. அந்த எண்ணே அளவுதான். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட்.

*நான்கு: புத்தகமும் கடையும் சந்தித்த இடம்.*

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டில் வரும் 230 வோல்ட்டை கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொடுக்கும் பெட்டி. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3, கருப்பு கிரவுண்டு. பச்சையையும் கருப்பையும் சேர்த்தால் மதர்போர்டு இல்லாமலேயே ஃபேன் சுற்றும். அண்ணன் பெட்டியை மூடியபடியே வைத்து இதைச் செய்துகாட்டினார். மல்ட்டிமீட்டரை வைத்து அளந்து சொல்வது எங்கள் வேலை.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம். நம் லேபில் செய்த பவர் சப்ளையில் டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் மாதிரி கனமாக இருக்கும். இதிலோ தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஏன்? அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "இருபது வருசமா கழட்டி மாட்டுறேன் அம்மிணி, இத நான் யோசிச்சதே இல்ல."

மறுநாள் எங்கள் சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுதான். அதற்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். முதலில் அதை டி.சி.யாக்கி, அப்புறம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை 'ஆன் ஆஃப்' செய்து டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கிறது. சுற்று அதிகமானால் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். இதை நோட்டில் படம் போட்டு அண்ணனுக்குக் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவுமுங்க! அடுப்படிக்குக் கொண்டுபோனால் உதவும்.

ஒன்று மட்டும் அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். அந்தப் பெட்டியை நாங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அதே மாதிரி உப்பிப்போன லேப்டாப் பேட்டரி. அதைக் குத்தினாலோ அழுத்தினாலோ தீப்பிடிக்கும். அது வந்தால் நாங்கள் மேசையைவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது கடைச் சட்டம்.

*ஐந்து: நம் கையில் இருப்பது மெஷின் மட்டும் இல்லை.*

இதுதான் எனக்கு முக்கியமான பாடம்.

ஒரு அக்கா ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-ல் ஆரம்பித்த திட்டம் அது. ஆன் ஆகிறது, ஆனால் நத்தை மாதிரி நகர்கிறது, அவ்வப்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த அக்கா, "லேப்டாப் போனாப் போகட்டுங்க. எங்க அப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. அவரு இப்ப இல்ல" என்றார்.

அண்ணன் சத்தத்தைக் கேட்டதும் உடனே அணைத்துவிட்டார். பழைய ஹார்டு டிஸ்க்கினுள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும். அதன் மேல் படாமல், முடியைவிட மெல்லிய இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கும். டிஸ்க் கெடத் தொடங்கிவிட்டால் அதை ஓட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். அதனால் ரிப்பேர் எல்லாம் அப்புறம், முதலில் நகல். டிஸ்க்கைத் தனியே கழற்றி, நல்ல பகுதிகளை முதலில் எடு, முரண்டு பிடிக்கும் பகுதியைக் கடைசிக்குத் தள்ளு என்று ஒரு மென்பொருளில் போட்டுவிட்டார். இரண்டு ராத்திரி ஓடியது.

மூன்றாம் நாள் நகல் தயார். என் தோழி ஆசையாக, "வந்திருச்சாண்ணா? ஒரு போட்டோ தொறந்து பாக்கட்டுமா?" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினார். "அந்தப் புள்ள வரட்டும். அது தொறக்கும். ஒருத்தர் ஹார்டு டிஸ்க்கு நம்ம கையில இருந்தா, அவங்க வீட்டுச் சாவி நம்ம கையில இருக்குதுன்னு அர்த்தம். சாவி இருக்குதுங்கறதுக்காக உள்ள போயிரக் கூடாது."

அக்கா வந்து தானே திறந்து பார்த்தார். எல்லாப் படமும் வரவில்லை. சிலவற்றில் பாதி சாம்பல் நிறமாக இருந்தது. ஆனாலும் அவர் அப்பா தோளில் துண்டோடு சிரிக்கும் ஒரு படம் முழுதாக வந்திருந்தது. அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

இந்தப் பாடம் எந்தப் பாடப்புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது? இனி என் மொபைலை யார் கையில் கொடுத்தாலும் இதை நினைப்பேன். நாளைக்கு யாராவது என் கையில் கொடுத்தாலும் நினைப்பேன்.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை

உண்மையையும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருவனுக்குக் கிடைத்த இடத்தில் பத்து நாளும் டீ வாங்கி வருவதும் கடை கூட்டுவதும்தான் பயிற்சி. இன்னொருவனுக்கு நோட்டீஸ் கொடுக்கும் வேலை. நோட்டில் மட்டும் 'சர்க்யூட் சோதனை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இது பயிற்சி இல்லை, கூலியில்லாத வேலை.

இப்போது அப்பா கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் லீவு நாளில் தேங்காய் உரிக்கப் போகிறவன் இருக்கிறான். கேட்டரிங் வேலைக்குப் போகிறவன் இருக்கிறான். அந்தப் பணத்தில்தான் அவன் வீட்டில் பல செலவு நடக்கிறது. அவனுக்குப் பத்து நாள் பயிற்சி என்றால் பத்து நாள் கூலி போச்சு. "கத்துக்கிட்டா பின்னாடி உதவும்" என்று சொல்வது சுலபம். இன்றைக்கு அரிசி வாங்க வேண்டியவனுக்கு 'பின்னாடி' என்பது ரொம்ப தூரம். பயிற்சி கொடுக்கிற இடமோ அனுப்புகிறவர்களோ பஸ் செலவும் மதியச் சாப்பாடுமாவது கொடுத்தால்தான் இது எல்லாப் பிள்ளைக்குமான படிப்பாக இருக்கும். இது என் கருத்து. தப்பென்றால் பெரியவர்கள் சொல்லட்டும்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் கடையிலோ தொழிற்சாலையிலோ வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. நமக்குப் பயிற்சி கொடுக்கிறவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். நாமும் தெரிந்திருக்க வேண்டும்.

போவதற்கு முன் கேளுங்கள்!

1. யார் பக்கத்தில் நின்று கற்றுத்தருவார்?
2. எந்த வேலையை நாங்கள் தொடலாம், எதைத் தொடக் கூடாது?
3. எத்தனை மணிக்கு விடுவீர்கள்? கழிவறை இருக்கிறதா? (தங்கைகளே, இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.)
4. தினமும் நோட்டை யார் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்?
5. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் எந்த ஆசிரியருக்குப் போன் செய்வது?

இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் தைரியமாகப் போகலாம்.

நமக்கு முன்னால் போனவர்கள்

ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு கருவி செய்ய ஆசைப்பட்டார். பாகம் கிடைக்கவில்லை. டெலிபோன் புத்தகத்தில் எண்ணைத் தேடி ஹியூலட் பேக்கார்டு நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலட் வீட்டுக்கே போன் போட்டார். பாகமும் கிடைத்தது, கோடை விடுமுறையில் அந்தக் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அங்கே என்ன செய்தார் தெரியுமா? அளக்கும் கருவிகளுக்கு நட்டு போல்ட் மாட்டினார்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு பள்ளிப்படிப்பில் மனம் ஒட்டாதவர். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியே இயந்திரம் கற்றார். 1920-ல் அவர் பஸ் ஓட்டத் தொடங்கிய ரூட் எது? நம் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு! அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு பெங்களூரில் விமானக் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனபோது இன்ஜினைப் பிரித்துச் சரிபார்க்கும் வேலையில்தான் கையை வைத்தார். கையில் எண்ணெய் பட்டதால் யாரும் சிறியவராகிவிடவில்லை.

அடுத்து என்ன?

தொழிற்கல்வி எடுத்தால் மேலே படிக்க முடியாது என்று ஒரு வதந்தி உண்டு. நம்பாதீர்கள். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் எங்கள் பிரிவுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. வேறு குரூப் எடுக்கிறவர்களும் பயிற்சியை விட்டுவிட வேண்டாம். 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளை விண்வெளி மையங்களுக்கே அழைத்துப்போய் இரண்டு வாரம் தங்கவைத்துக் கற்றுத்தரும் 'யுவிகா' திட்டத்தை இஸ்ரோ 2019-ல் தொடங்கியது. பத்தாம் வகுப்பில் இருக்கும் உங்களுக்கு அந்த வாய்ப்பு தாண்டிவிட்டது, ஆனால் வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்குச் சொல்லலாமே? சோஹோ நிறுவனம் 2005 வாக்கில் தொடங்கிய பள்ளியில், பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்த்து, ஃபீஸ் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்

இந்தச் சுவரிதழ் தலைமையாசிரியர் அறைக்கு எதிரே இருக்கிறது. காத்திருக்கும் பெற்றோர்களும் படிப்பார்கள். ஐயா, அம்மா, உங்களில் யாராவது கடை வைத்திருந்தால், ஒர்க்‌ஷாப் வைத்திருந்தால், வருடத்தில் பத்து நாள் எங்களில் இரண்டு பேருக்கு உங்கள் மேசை ஓரத்தில் இடம் கொடுங்கள். டீ வாங்கிவரச் சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்கி வருகிறோம். ஆனால் வந்து சேர்ந்ததும் ஸ்குரு டிரைவரையும் கையில் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, எந்தக் குரூப் வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் "மார்க் குறைந்ததா?" என்று யாராவது கேட்டால் தலையைக் குனியாதீர்கள். சந்தேகம் இருந்தால் இன்டர்வெல் நேரத்தில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். என் எண்பது மணி நேர நோட்டு டெஸ்க்கில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சார் இன்னும் மார்க் போடவில்லை!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
தொழிற்கல்விப் பிரிவு